கப்பலேறாதவர்களின் வம்சாவளி

கடல் கடந்து போன தமிழருக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஓசூர் சாலையில் நடந்து வந்தவர்களுக்கு?

1860 நவம்பர் 16. சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அதில் இருந்தது. மொத்தம் 342 பேர். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எனக் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டார்கள். உடம்பில் இருந்த தழும்பையும் மச்சத்தையும்கூட விடவில்லை.

1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,000க்கும் மேல். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் பிடிக்கவும் கணக்குத் தீர்க்கவும்தான் அரசாங்கம் அந்தப் பட்டியலை எழுதியது. இன்று அதே பட்டியல்தான் அவர்களின் கொள்ளுப் பேரன் பேத்திகளுக்கு ஊர் திரும்பும் வழி. டர்பனில் பிறந்து, தமிழ் பேச வராத ஒருவர் அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வட ஆர்க்காட்டுக் கிராமம் ஒன்றில் வந்து நிற்க முடிகிறது. மொரீஷியஸில் மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய பதிவேடுகளைக் காத்து வருகிறது. அங்கே பலருடைய புகைப்படமும் உண்டு.

அதே காலத்தில், அதே வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து, அதே பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சி இன்னொரு கூட்டம் கிளம்பியது. கிழக்கே கடலுக்குப் போகாமல் மேற்கே மலையேறி மைசூர்ச் சீமைக்கு வந்த கூட்டம் அது. கால்நடையாக வந்தார்கள், மாட்டு வண்டியில் வந்தார்கள், ஜோலார்பேட்டைக்கும் பெங்களூருக்கும் 1864இல் ரயில் விட்ட பிறகு ரயிலில் வந்தார்கள். வந்து இறங்கியபோது அவர்கள் பெயரை எழுதிக்கொள்ள யாரும் இல்லை. பெங்களூருத் தமிழ்க் குடும்பங்களில் பல அந்த எழுதாத பட்டியலின் வாரிசுகள்தாம்.

கூட்டு ரோட்டில் ஒரு கேள்வி

பெங்களூரின் நடுவிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். எலெக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா தாண்டினால் சந்தாபுரா. வலப்பக்கம் திரும்பினால் ஆனேக்கல். நேரே போனால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் தமிழ்நாடு. காலை ஷிப்டுக்கு கம்பெனி பஸ் பிடிக்க நிற்கும் கூட்டத்தில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் ஒரே மூச்சில் காதில் விழும்.

இங்கே ஒரு தமிழ்க் குடும்பத்திடம் “எந்த ஊரு?” என்று கேட்டால் “சந்தாபுராதாங்க” என்பார்கள். “சொந்த ஊரு?” என்று இன்னும் கொஞ்சம் தோண்டினால் சிறிது யோசனை. “தாத்தா காலத்துல வந்தோம். அந்தப் பக்கம் தேன்கனிக்கோட்டைன்னு சொல்லுவாங்க.” பிறப்பு, படிப்பு, வேலை, ஓட்டு எல்லாம் இங்கே. பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்த மட்டும் எல்லை தாண்டிப் போகிறார்கள். போகிற கோயில் தெரிகிறது. அந்தக் கோயிலுக்கும் நமக்கும் என்ன உறவு, எந்தத் தலைமுறையில் அங்கிருந்து கிளம்பினோம் என்பது தெரிவதில்லை.

தேடத் தொடங்குபவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது, இந்த எல்லையே அவ்வளவு பழையது அல்ல என்பது. திப்பு சுல்தான் காலத்தில் ஓசூரும் ஆனேக்கலும் ஒரே மைசூர் அரசின் ஊர்கள். 1792இல் பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் போனது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு ஓசூரும் போய்ச் சேலம் ஜில்லாவோடு இணைந்தது. 1965இல் அதே ஓசூர் புதிய தருமபுரி மாவட்டத்துக்கும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கும் மாறியது. ஆக, ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஆவணங்களில் மட்டும் அது மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. “எங்க தாத்தா சேலத்துக்காரர்” என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால், சேலம் நகரில் போய்த் தேடி ஏமாற வேண்டாம். அவர் சூளகிரிக்காரராகவோ தளிக்காரராகவோ இருக்கலாம். நேர்மாறான கதையும் உண்டு. கொள்ளேகால் தாலுகா 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்து, மொழிவாரி மாநிலப் பிரிப்பின்போது மைசூரோடு சேர்ந்தது. அங்கிருந்த தமிழ்க் குடும்பம் வீட்டை விட்டு ஓர் அடிகூட எடுத்து வைக்காமலே வேறு மாநிலத்தில் குடியேறியதாக ஆயிற்று.

கல்லில் இருப்பவர்கள்

பெங்களூரில் தமிழின் வயது என்ன என்று கேட்டால் கல்வெட்டுகள் பதில் சொல்கின்றன. ஒயிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் உள்ள காடுகோடியில் 1043ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. இராசேந்திர சோழன் காலம். பட்டந்தூரில் ஏரி வெட்டியதையும், பிள்ளையாருக்கும் துர்க்கைக்கும் க்ஷேத்திரபாலருக்கும் கோயில் எடுத்ததையும் அது சொல்கிறது. அந்த ஒரே கல்லில் ‘இராசராச வேளான்’ என்ற தமிழ்ப் பட்டப்பெயரும் ‘பெர்மாடி காவுண்டன்’ என்ற கன்னட நாட்டுப் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. கன்னடக் குடியும் சோழப் பட்டமும் ஒன்றோடொன்று கலந்த ஊர் அது என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி.

தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும், மடிவாளா சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். மடிவாளாவில் உள்ள 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு ‘வெங்கலூர்’ பெரிய ஏரியின் கீழிருந்த நிலத்தைத் தானம் கொடுத்ததைப் பேசுகிறது. பின்னால் ஹொய்சள மன்னன் இராமநாதன் ஓசூரை அடுத்த குந்தாணியிலிருந்து ஆண்டபோதும் இந்தப் பகுதியில் தமிழில் கல் வெட்டினார்கள். பெங்களூரிலேயே பிறந்த பி. லூயிஸ் ரைஸ் இவற்றையெல்லாம் படியெடுத்து, ‘எபிகிராஃபியா கர்னாடிகா’ ஒன்பதாம் தொகுதியில் 1905இல் அச்சேற்றினார்.

ஆனால் இந்தக் கல்வெட்டுகளைக் காட்டி “என் பாட்டன் சோழன் படையோடு வந்தான்” என்று இன்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தக் கல்லுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகள். இடையில் ஒரு கண்ணிகூட நம் கையில் இல்லை. நமக்கு முன்பே இங்கே தமிழும் கன்னடமும் பக்கத்துப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தன என்று அறிந்துகொள்ளலாம். குடும்பத்தின் தேடல் அதற்கு வெகு பின்னால், நமக்குப் பெயர் தெரிந்த கடைசிக் கிழவியிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோட்டத்துக்கும் தண்டுக்கும் வந்தவர்கள்

ஏடு தொடங்கும் காலத்துக்கு வந்தால், பெங்களூருக்குத் தமிழர் ஒரே தடவையில் வரவில்லை என்பது தெரியும். காய்கறியும் பூவும் பயிரிட்ட திகளர்கள் மிகப் பழைய அடுக்கு. தர்மராயசுவாமி கோயிலிலிருந்து சித்திரா பௌர்ணமி இரவில் புறப்படும் கரகம் அவர்களுடையது. திரௌபதியம்மனைத் தலையில் சுமந்து வரும் அந்தக் கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய்த் திரும்புகிறது. சந்தாபுராவுக்கு அடுத்த ஆனேக்கலிலும் கரகம் உண்டு. தமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களைப் பார்த்தவருக்கு இந்த உறவை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த அடுக்கு 1809இல் பெங்களூருக்குக் கிழக்கே ஆங்கிலேயர் அமைத்த கன்டோன்மென்ட். பழைய ஆட்கள் வாயில் அது ‘தண்டு’. சிப்பாய், சமையற்காரர், வண்டிக்காரர், கொத்தனார், துணி வெளுப்பவர், தானிய வியாபாரி என்று சென்னை ராஜதானியே அல்சூரைச் சுற்றி வந்து இறங்கியது. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் அந்தக் காலத்துக்காரர்தான். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் அவர். 1873இல் அவர் தொடங்கிய பள்ளியின் வழி வந்த கல்வி அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. அட்டாரா கச்சேரியைப் பார்ப்பவர்கள் அவர் பெயரைக் கேள்விப்பட வாய்ப்புண்டு. அதற்குச் செங்கல் சுமந்த சித்தாள் பெயரும் சுண்ணாம்பு அரைத்தவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அந்தச் சித்தாளின் வழி வந்தவர்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்கா, செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் போட்ட கூரைக் கோயிலாகத் தொடங்கியது என்பது அதன் வரலாறு. பங்குக் கோயில்களில் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் ஏடு வைத்திருப்பார்கள். ஞானஸ்நான ஏட்டில் பிள்ளையின் பெயரோடு தாய், தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களும் வரும். ஒரு ஏடு கிடைத்தால் இரண்டு தலைமுறை கையில் கிடைத்த மாதிரி.

பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும் எழுத்து உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸின் தலைமையகம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. உலகப் போர்களில் மாண்ட இந்தியச் சிப்பாய்களைப் பற்றிய பதிவுகளில், இன்னார் மகன், இன்ன கிராமம், இன்ன ஜில்லா என்ற விவரம் பல பெயர்களுக்குக் கிடைக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அந்தப் பதிவுகளை வீட்டிலிருந்தே தேடலாம்.

தங்கவயலின் கைரேகை

சந்தாபுராவின் ஆலைகளில் வேலை செய்யும் தமிழரில் கோலார் தங்கவயல் வழியாக வந்தவர்களும் இருக்கிறார்கள். 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி அங்கே இறங்கிய பிறகு, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மிகப் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் மக்கள். ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவருக்குச் சுரங்கம் கையில் காசு கொடுத்தது. உயிரையும் வாங்கிக்கொண்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறை வெடிப்பில் செத்தவர்கள் போக, நுரையீரலில் தூசி படிந்து வீட்டில் இருமி இருமிச் செத்தவர்கள் பலர்.

1930இல் கம்பெனி ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிந்து ஏட்டில் ஏற்றப் பார்த்தது. தொழிலாளர்கள் மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகை வைத்தால் பிடிக்காத ஆளைப் பேர் வைத்து விரட்டுவார்கள் என்ற அச்சம். நியாயமான அச்சம். அன்று பாட்டன் வெறுத்த ஏட்டைத்தான் இன்று பேரன் தேடுகிறான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் உண்டு. அதிகாரம் நம்மைப் பற்றி எழுதி வைப்பதும், நம்மைப் பற்றி நாமே எழுதி வைப்பதும் ஒன்றாகாது என்பதைத் தங்கவயல்காரர்கள் அனுபவித்து அறிந்தவர்கள்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூரு வந்து வேலை பார்த்து ராத்திரி திரும்பினார்கள். பிறகு பலர் பெங்களூரிலேயே தங்கிவிட்டார்கள். இவர்கள் வீட்டில் ‘சொந்த ஊர்’ என்றால் இரண்டு ஊர். ஒன்று தங்கவயல். அதற்கும் முன்னால், தாத்தாவின் தாத்தா விட்டுவந்த, பெயர் தேய்ந்துபோன ஒரு கிராமம்.

மஞ்சள் தடவிய நோட்டு

எங்கள் வீட்டில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. 1950களின் கல்யாணம் ஒன்றில் எழுதியது. நீள நோட்டு, மேலட்டை இல்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் மேல் தேய்த்த மஞ்சள் இப்போது காவி நிறத்துக்கு வந்துவிட்டது. நீல மசி, ஒரே கையெழுத்து. முதல் வரியில் தாய்மாமன். அதற்குக் கீழே ஊர் ஊராக வருகிறது: சூளகிரி, பேரிகை, பாகலூர், தளி, மாலூர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 1-4-0, 2-0-0 என்று ரூபாய், அணா, பை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ‘பங்காளி’, ‘சம்பந்தி’, ‘மச்சான்’.

ஒரு பக்கத்தின் அடியில் ‘பெரிய அத்தை, சாம்பியன் ரீஃப், 2-0-0’. பெயர்கூட இல்லை. அப்படி ஓர் அத்தை இருந்ததாக வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்த வரியைப் பிடித்துக் கேட்கக் கேட்க, தங்கவயலுக்குப் போன ஒரு முழுக் கிளையே வெளியே வந்தது. சாதாரணக் கல்யாணத்துக்கு ஒரு ரூபாய் வைத்த காலத்தில் இரண்டு ரூபாய் வைத்தவள் தூரத்து உறவாக இருக்க மாட்டாள் என்று பாட்டி சொன்னது சரியாகவே இருந்தது.

கப்பலேறியவர்களுக்கு அரசாங்கம் எழுதிய பட்டியல் இருக்கிறதென்றால், நிலவழி வந்தவர்களுக்கு மொய் நோட்டு இருக்கிறது. இதை எழுதியவர் நம் ஆள், எழுதியது திரும்பச் செய்ய வேண்டிய கடமைக்காக. பெயர், ஊர், உறவு, தொகை நான்கும் அதில் இருக்கின்றன. யார் எந்த ஊருக்குப் பெயர்ந்தார், யார் எப்போது வருவதை நிறுத்தினார் என்பதை இரண்டு தலைமுறை மொய் நோட்டுகளை அருகருகே வைத்தாலே படித்துவிடலாம். வீடு மாறும்போது முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போவது இந்த நோட்டுதான். அதை நிறுத்த வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

கல்யாணப் பத்திரிகையும் அப்படியே. இன்னார் பேரன், இன்னார் பேத்தி என்று தாத்தாக்களின் பெயரை ஊரோடு அச்சடிப்பது நம் வழக்கம். ஒரு குடும்பத்தின் பழைய பத்திரிகைகளை வருஷ வாரியாக அடுக்கினால் நான்கு தலைமுறை மேசையில் விரியும். சாவுக்கும் அதன் கணக்கு உண்டு. யார் யாருக்குத் தீட்டு, யாரெல்லாம் பத்து நாள் காக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது பங்காளி வரிசையை வாய்ப்பாடாக வைத்திருப்பதால்தான்.

ஏடு மறந்த பெண்கள்

இந்தத் தேடலில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று. பட்டா ஆண் பெயரில். பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர். குலதெய்வம் தகப்பன் வழி. பத்திரிகையில் தாத்தா உண்டு, பாட்டி பெரும்பாலும் இல்லை. மொய் நோட்டில்கூட அத்தை வெறும் அத்தைதான். நான்கு தலைமுறை மேலே போனால் நமக்கு எட்டு எள்ளுத் தாத்தாக்களும் எட்டு எள்ளுப் பாட்டிகளும் உண்டு. நம்மில் பலருக்கு ஒரே ஒரு வரிசைதான் தெரியும், அதுவும் ஆண் வரிசை.

ஊர் விட்டு ஊர் வந்ததில் பெண்களின் பங்கு குறைந்ததல்ல. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் புருஷனை இழந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தவர்கள் பெண்கள். கன்டோன்மென்ட் வீடுகளில் ஆயாவாகவும், கட்டட வேலையில் சித்தாளாகவும், சந்தையில் கீரைக்காரியாகவும் குடும்பத்தை நிறுத்தியவர்கள் அவர்கள். 1898 பிளேக்கில் ஊரே காலியானபோது மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வேண்டிக்கொண்டவர்களும் அவர்கள்தாம். நம் குடும்பத்தின் முதல் குடியேறி என்று நாம் தேடுவது ஒரு ஆணை. அது ஒரு பெண்ணாகவும் இருக்கலாம்.

ஆகவே, பாட்டியிடம் “தாத்தா எந்த ஊர்?” என்று கேட்டதோடு எழுந்துவிடாமல், “உங்க அம்மா பேரு என்ன? அவங்க பொறந்த வீடு எங்கே? உங்களுக்குப் பிரசவம் பார்த்தது யாரு? கல்யாணம் ஆகி வந்தப்போ எந்த ரோடு வழியா வந்தீங்க?” என்று கேளுங்கள். ஊர் பெயர் மறந்தவர்களுக்கும் வழி மறப்பதில்லை. மலை எந்தப் பக்கம் இருந்தது, எந்த ஆற்றைக் கடந்தார்கள், எந்தச் சந்தைக்கு மாடு ஓட்டினார்கள் என்று அவர்கள் சொல்லும் அடையாளத்தை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கே தேடலாம்?

*வீட்டில்:* மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஜாதகக் கட்டு, கம்பெனிச் சம்பளச் சீட்டு. புகைப்படத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரையில் ஊர் இருக்கும்.

*கோயிலில்:* குலதெய்வக் கோயில் பூசாரியும் வரிப் பணம் வசூலிக்கும் பங்காளியும். வரி கட்டும் குடும்பங்களின் நோட்டு அவர்களிடம் இருக்கும்.

*தமிழ்நாட்டில்:* கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு, சிட்டா. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய சேலம் ஜில்லா வருவாய்க் கோப்புகள்.

*கர்நாடகத்தில்:* நிலம் வைத்திருந்தால் பஹணி என்னும் நிலப் பதிவேடு. விதான சௌதாவை அடுத்த விகாச சௌதாவில் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம்.

நிலம் இல்லாதவர்களுக்கு அரசு ஏட்டில் கிடைப்பது குறைவு. அவர்களுக்கு வீடும் கோயிலும்தான் முதல் காப்பகம்.

எதற்காக இந்தத் தேடல்?

பெங்களூரில் வாழும் தமிழருக்கு “எப்போ வந்தீங்க?” என்ற கேள்வி சில சமயம் அச்சமூட்டும் கேள்வி. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது வீட்டைப் பூட்டிக்கொண்டு இதே ஓசூர் சாலை வழியாக ஓடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வேர்களைத் தேடும்போது “நாங்கள்தான் முதலில் வந்தோம்” என்று சொல்லும் ஆசை யாருக்கும் எழலாம். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. முதலில் வந்தவன், பிந்தி வந்தவன் என்று அடுக்கத் தொடங்கினால், நேற்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பொம்மசந்திராவில் ஷெட் வீட்டில் தங்கியிருக்கும் பையனுக்கு நாம் சொல்லப்போவது என்ன? அவன் இன்று நிற்கும் இடத்தில்தான் நம் பாட்டன் நின்றான்.

தேடி முடிப்பவருக்குக் கிடைப்பது பெருமையைவிடக் கடன்தான் அதிகம். இடம் கொடுத்த கன்னட விவசாயி, முதல் வேலைக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டு உருது பேசும் மேஸ்திரி, பிரசவத்துக்கு வந்த தெலுங்குக்காரம்மா என்று நம் குடும்பக் கதையில் நம் குடும்பம் அல்லாதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களையும் எழுத வேண்டும்.

ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டில் வயதில் மூத்த பெண்மணியிடம் முதலில் உட்காருங்கள். சொல்வதை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள், போனில் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஆணின் பெயருக்கும் பக்கத்தில் அவர் மனைவியின் பெயரையும், அவள் பிறந்த ஊரையும் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள், கற்பனையால் நிரப்பாதீர்கள். பங்காளிகளுக்கு ஒவ்வொரு பிரதி கொடுங்கள், அவர்கள் திருத்துவார்கள். நம் பாட்டன்மார் வந்தபோது அவர்கள் பெயரை எழுத ஆள் இல்லை. இன்று நாம் இருக்கிறோம். சொல்லக்கூடிய பாட்டியும் இன்னும் இருக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.